சாமு இடமிருந்து படித்த மங்கா

ஜப்பானுக்கு வந்த புதிதில், ஒரு பாவமும் அறியாத மனிதரை ரயில் நிலையத்தில் நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைத்தேன். ஓசாகா பக்கம் நான் வேலை பார்த்த பட்டறைக்குத் தினமும் ரயிலில்தான் போக வேண்டும். கோட்டும் டையுமாக, நம்மூர் பேங்க் மேனேஜர் மாதிரி ஒருவர் எதிரில் உட்கார்ந்து, செங்கல் பருமனில் 'மங்கா' என்னும் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதுவே எனக்கு அதிசயம். எங்கள் ராஜபாளையத்தில் மீசை முளைத்த பிறகும் காமிக்ஸ் படிப்பவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இறங்கும் இடம் வந்ததும் அவர் புத்தகத்தை மேலே சாமான் வைக்கும் தட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! எடுத்துக்கொண்டு, கதவு மூடுவதற்குள் குதித்து, படிக்கட்டு வரை துரத்திப் போய், அந்த வாரம்தான் கற்றிருந்த 'வசுரேமோனோ' என்ற சொல்லைக் கத்தினேன். மறந்துவிட்டுப் போன பொருள் என்று அர்த்தம். மனிதர் முகம் சிவந்துவிட்டது. இடுப்பு ஒடியக் குனிந்து 'சுமிமாசேன், சுமிமாசேன்' என்று மன்னிப்புக் கேட்டார். நானும் பதிலுக்குக் குனிந்தேன். அவர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, கீழே இருந்த குப்பைத்தொட்டியில் அதைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"படித்து முடித்தால் விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த ஆள் எடுத்துப் படிப்பான். நீ அந்த ஆளைக் குப்பை போட்ட திருடனாக்கிவிட்டாய்" என்று மறுநாள் மோரி-சான் விழுந்து விழுந்து சிரித்தார். மோரி-சான் எங்கள் பட்டறையின் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். என் அப்பா வயது. ஆனால் அவர் சிரித்ததற்கு முந்தின நாளே நான் அந்தக் குப்பைத்தொட்டியில் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். வெட்கமா? புத்தகம் என்று வந்துவிட்டால் எனக்கும் என் தம்பிக்கும் வெட்கமே கிடையாது. அதைத்தான் முதல் பார்சலில் தம்பிக்கு அனுப்பினேன்.

தம்பி பெயர் சாமுவேல். வீட்டில் சாமு. எண்பதுகளில் எங்கள் இருவருக்கும் ஒரே சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த கையோடு, அம்மா கறிக்குழம்பு கொதிக்க வைப்பதற்குள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிதிப்போம். நான் மிதிப்பேன், அவன் கேரியரில் உட்கார்ந்து எதிர்காற்றில் பாட்டுப் பாடுவான். பஸ் ஸ்டாண்டு பக்கம் காசிம் பாய் என்பவர் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். சிவகாசியில் அச்சாகி வரும் சித்திரக்கதைகள் அத்தனையும் அங்கே கயிற்றில் தொங்கும். சாணித் தாளில், மை ஒரு பக்கம் ஈஷியும் ஒரு பக்கம் வெளுத்தும் இருக்கும். அதிலும் எங்களுக்குப் பழசுதான் உசத்தி. "எழுவதுகள்ல வந்த படத்தப் பாருலே, குதிரைக்கு நரம்பு தெரியுது. இப்ப வாரவன் குதிரைக்குப் பதிலா கழுதைய வரையுதான்" என்று காசிம் பாய் சொல்வார். நாங்களும் பெரிய ரசிகர்கள் மாதிரித் தலையை ஆட்டுவோம். அந்த எழுபதுகளின் குதிரையை வரைந்தவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

சாமு சைக்கிள் மிதிக்காததற்குக் காரணம் சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தோம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் படுத்தவன், எழுந்தது முதல் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவான். மதுரையில் காட்டியபோது இருதய வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். ஒரு தடவை நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். சில வருஷத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் நூல் மில்லில் பிட்டராக இருந்தேன். ஜப்பானிலிருந்து மில்லுக்குப் புது மிஷின் வந்தபோது, அதைப் பூட்ட வந்த இன்ஜினியருக்குக் கையாளாக நின்றேன். என் கைவேலை பிடித்துப்போய் அவர்தான் இந்தப் பட்டறைக்கு வழி காட்டினார். சாமுவின் நெஞ்சுக்காகத்தான் நான் கடல் தாண்டினேன். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை. ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

மோரி-சானோடு எனக்கு ஒட்டுதல் வந்தது இந்தப் படக்கதைகளால்தான். போர் முடிந்து ஊரே பசியில் கிடந்த காலத்தை அடுத்து, அவர் பையனாக இருந்தபோது, ஓசாகாவில் 'காஷிஹோன்' என்று வாடகைப் புத்தகக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தனவாம். கயிற்றில் தொங்கும் புத்தகம், எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டிக் கறுத்த ஓரம், திட்டிக்கொண்டே கடன் கொடுக்கும் கடைக்காரர். "காசிம் பாய்!" என்று கத்திவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'காஷி பாயா? அது எந்த ஊர் மிட்டாய்?' என்பது போலப் பார்த்தார். காஷி என்றால் அவர்கள் மொழியில் தின்பண்டம் என்றும் பொருள் உண்டு. விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் ஒரு சங்கம். சங்கத்தின் ஒரே வேலை இன்றைய மங்காவைத் திட்டுவது. "அந்தக் கால ஆட்கள் ஒரு பக்கத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு ஒருத்தன் குதிப்பதற்குப் பத்துப் பக்கம்! அவன் தரையில் கால் வைக்க அடுத்த வாரம் வரை நான் காத்திருக்க வேண்டும்" என்பார் மோரி-சான். கண்ணைச் சோற்றுத்தட்டு அளவுக்கு வரைகிறார்கள், பின்னால் வீடு இல்லை மரம் இல்லை, எல்லாம் வெறும் கோடு, மவுசு இருக்கும்வரை கதையைச் சவ்வாக இழுக்கிறார்கள் என்று அடுக்குவார். நான் சோற்றை மென்றுகொண்டே ஆமாம் போடுவேன். மொழி அரைகுறை, ஆனாலும் வசைபாட அவ்வளவு போதும். தன் வீட்டு அலமாரியிலிருந்து அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய மங்காக்களை எடுத்து வந்து, "உன் தம்பி தரமானதைப் பார்க்கட்டும்" என்று தந்தார். அப்படி ஒருவருக்கும் தராத ஆள். பழைய துணியில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

அனுப்பிவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு வெங்கம்மா வீட்டுக்குத்தான் பேச வேண்டும். வெங்கம்மா தெருவில் இறங்கி, "சாமு, போன் ஒச்சிந்தி ரா!" என்று தெலுங்கில் கூப்பிடுவது இங்கே எனக்குக் கேட்கும். தெருவைத் தாண்டி வந்து ரிசீவரை எடுத்ததும் முதலில் அவனுடைய மூச்சுத்தான் வரும்.

"செத்த நேரம் இருண்ணே... வாரேன்..." கொஞ்சம் இளைப்பாறிவிட்டுச் சொன்னான்: "புஸ்தகம் வந்துச்சு. ஆனா இது வேண்டாம்ணே. மொதல்ல அனுப்புனியே, குப்பையில கெடந்துச்சுன்னு, அந்தத் தினுசுல அனுப்பு."

"ஏலே கூறுகெட்டவனே, அது குப்பைலே! இப்ப அனுப்புனதுதான் சரக்கு. எம்புட்டுப் பெரிய கையி வரைஞ்சது தெரியுமா?"

"இருக்கட்டும்ணே. நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். ஆனா பழைய ஆளுக நின்னு நின்னு பேசுதாக. எனக்கு அந்தப் பாசை தெரியுமா? புது ஆளு பேசவே மாட்டேங்கான். ஓட்டக்காரன் ஓடுதாம்லா, அவன் மூச்சு விடுததக்கூட வரைஞ்சிருக்காண்ணே. பழைய ஆளுல எவன் மூச்ச வரைஞ்சான் சொல்லு?"

"சரிலே, அதையே அனுப்புதேன்" என்றேன். அங்கே வெங்கம்மா வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

அவன் ஓட்டக்காரன் என்று சொன்னது, நான் குப்பையில் எடுத்த அந்த வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை ஒன்றின் நாயகனை. அந்தக் கால ஜப்பானில் பெட்டியைத் தோளில் சுமந்து, மலை தாண்டித் தபால் கொண்டுபோகும் ஆள். வாரா வாரம் ஓடுவான். வழியில் கொள்ளைக்காரன், பனி, ஓநாய். எங்கள் சங்கம் அதிகமாகத் திட்டிய கதையே அதுதான்.

இதை மோரி-சானிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது. "தம்பிக்கு என்ன வயது?" என்றார். இருபத்தெட்டு என்றேன். "ஆ... சோ தெசு கா" என்று, அதாவது 'அப்படியா' என்று, இழுத்தார். வளராத பிள்ளை போலிருக்கிறது என்று அவர் முடிவுகட்டியது எனக்குப் புரிந்தது. ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மூச்சு வாங்குவது போல நடித்து, படுக்கை, தலையணை, ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். அடுத்த வாரம் என் மேஜையில் புத்தம்புதிதாக ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. தன் வாழ்நாளில் காசு கொடுத்து வாங்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நிலையத்துக் கடை வரிசையில் நின்று அதை வாங்கி வந்தார். நான் ஓட்டக்காரன் பக்கங்களை மட்டும் கிழித்து, தைத்து, விமானத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மீதியை அவர் குப்பையில் போடுவார், "தூ" என்று சொல்லிக்கொண்டே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை லீவில் ஊருக்குப் போனேன். சாமு முன்னறையில், ஜன்னல் ஓரக் கட்டிலில், நாலு தலையணையில் சாய்ந்து இருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். கால் வீங்கியிருந்தது. மதுரை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி கத்தி வைக்க முடியாது, சௌகரியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சௌகரியம் என்பதற்கு ஆஸ்பத்திரியில் என்ன பொருள் என்று மில்லில் வேலை பார்த்த எனக்கே தெரியும், அம்மாவுக்குத் தெரியாதா? ஆனால் அம்மா காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ம், சொல்லு. ஓட்டக்காரன் என்ன ஆனான்?" என்றாள்.

சாமு புத்தகத்தை நாம் திறக்கிற மாதிரித் திறந்தான். இடப்பக்கத்திலிருந்து. நான் துள்ளிவிட்டேன். மங்காவை வலப்பக்கமிருந்துதான் படிக்க வேண்டும். நம் கடைசிப் பக்கம்தான் அவர்களுக்கு முதல் பக்கம். அது ஜப்பானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை காலமும் இவன் தலைகீழாகவா படித்துக்கொண்டிருந்தான்! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"ஓட்டக்காரன் பனியில குப்புறக் கெடக்கான்மா. முதுகுல அம்பு. எந்திரிக்கான். அம்பு தெறிச்சு விழுது பாரு. கொள்ளைக்காரன்லாம் பயந்து பின்னால போறான். பனி விட்டுருது. மூச்சு நல்லா வருது. ஓடுதான், ஓடுதான்... இந்தா, ஊரு தெரியுது. வாசல்ல ஒரு பொம்பள கைய ஆட்டிக் கூப்புடுதா. சுடுசோறு போடுதா. படுத்துத் தூங்கிட்டான்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் கையை ஆட்டி வழியனுப்புகிறாள் என்பது எனக்குத் தெரியும். சோறு தின்று, தூங்கி எழுந்து, நன்றாக இருக்கும் ஒரு மனிதன் கிளம்பிப் போய்ப் பனியில் அம்பு பட்டு விழுகிறான் என்பதுதான் அந்த வாரத்துக் கதை.

"சாமு, இத அந்தப் பக்கமிருந்துலே படிக்கணும்" என்றேன் மெதுவாக.

"தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"பக்க நம்பரு இங்கிலீஷ்லதான போட்டிருக்கான்? எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்?" சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமானது. "அந்தப் பக்கமிருந்து பாத்தா அவன் வாரா வாரம் அடிபட்டு விழுதாண்ணே. இந்தப் பக்கமிருந்து பாத்தா வாரா வாரம் வீட்டுக்கு வந்துருதான். அம்மாவுக்கு நான் எதச் சொல்ல?"

மோரி-சானும் நானும் தரம் தரம் என்று மாய்ந்து மாய்ந்து பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பழைய மேதைகள் கதையை ஒழுங்காக முடித்தார்கள். முடித்த கதை இவனுக்கு எதற்கு? குதிப்பதற்குப் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளும் சவ்வுக்காரன்தான் இவனுக்கு வேண்டியவன். வாரம் தவறாமல் ஓர் ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான் என்றால் அதுவே இவனுக்கு மருந்து. இப்படியெல்லாம் யோசித்தாலும், அந்தப் படங்கள் எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பிடிக்காததைப் பிடித்தது என்று எழுத எனக்கு வராது.

திரும்பிப் போகும் அன்று சாமு, "போயிட்டு வாண்ணே. ஓட்டக்காரன விட்டுறாத" என்றான். நான் விடவில்லை. மோரி-சானும் விடவில்லை. மழைக்காலம் முடிந்த ஒரு நாள், பட்டறைக்குப் போன் வந்தது. வெங்கம்மாவின் குரல். தமிழும் தெலுங்குமாக அழுகையில் என்னவோ சொன்னாள், என்ன என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மோரி-சான் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து என் எதிரில் நின்று, நீண்ட நேரம் தலைகுனிந்து நின்றார். ஜப்பானில் ஒருவரை ஒருவர் தொட்டு ஆறுதல் சொல்லும் பழக்கம் இல்லை. என்னை யாராவது பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று இருந்தது.

டிக்கெட் கிடைத்து, ஓசாகாவிலிருந்து சென்னை வந்து, மதுரை வந்து, ஒரு வண்டி பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. காசிம் பாய் கடை இருந்த இடத்தில் டி.வி. ரிப்பேர் கடை இருந்தது. அடக்கம் முடிந்துவிட்டது. அவனுக்கு மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஈரமண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் வருபவர்களுக்கெல்லாம் அம்மா, "கஷ்டப்படலை, சாஞ்சபடியே தூங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் எனக்கும் அதையே சொன்னாள்.

லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் தபால்காரர் வந்தார். என் கையெழுத்திலேயே சாமுவின் பெயர் எழுதிய பார்சல். சாவுச் செய்திக்கு முன்னால் நான் அனுப்பியது, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மறைத்துவிடலாம் என்று திரும்பினால் அம்மா பின்னால் நிற்கிறாள்.

"சாமுவுக்கு வந்ததா?"

"ஆமாம்மா."

கட்டிலை ஒட்டி அந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "பிரிலே தாசு. கடைசியா சொன்னப்ப, மலையத் தாண்டி எறங்கி வந்துட்டான்னான். பொறவு என்ன ஆச்சுன்னு சொல்லு."

காலியான கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். அந்தப் பக்கங்களை அவசரத்தில் கிழித்துத் தைத்து அனுப்பியிருந்தேன், படித்துப் பார்க்கவில்லை. மோரி-சான் மட்டும் அந்த வாரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பேச்சும் இல்லை, ஓட்டமும் இல்லை. இதற்கு ஒரு வாரமா!" என்று காறித் துப்பாத குறையாகச் சொன்னது ஞாபகம் இருந்தது. சாமு திறப்பது போல இடப்பக்கமிருந்து திறந்தேன். ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. மழை. ஓட்டக்காரன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறான். அதற்கடுத்த பக்கத்திலும். காயம் ஆறவில்லை, புதிதாகப் படவும் இல்லை. புத்தகத்தைத் திருப்பி வலப்பக்கமிருந்து பார்த்தேன். அப்போதும் அதே கரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னலே, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெரட்டுத?"

"ஆத்தங்கரையில உக்காந்திருக்காம்மா."

"செரி."

"மழை பெய்யுது."

"மழைய விடு. போறானா, வாரானா?"

"தெரியலம்மா. முதுகுதான் தெரியுது."

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அந்த முதுகின்மேல் வைத்தாள்.

"நீ அந்தப் பாசை படிச்சவம்லா. நல்லாப் பாத்துச் சொல்லு. அவனுக்கு வீடு இந்தக் கரையிலயா, அந்தக் கரையிலயா?"

ஒரு பக்கம் விடாமல் தேடினேன். மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.